ரஷ்யன் கொடுத்துச் செக் வாங்கிய அர்த்தனாரி

இதில் ஒரு சொல் பொய்யென்றால், சொல்கிற நாக்கை அறப்பளீஸ்வரர் மடக்கிவிடட்டும்.

1934-ல் பட்டணத்து வெயில் தாங்காமல் ரஷ்யமும் செக்கும் சொல்லித்தரும் ஒரு பல்கலைக்கழக வகுப்பு மொத்தமாகக் கொல்லிமலை ஏறி வந்துவிட்டது. மொத்தம் என்றால் செக் நாட்டுப் பேராசிரியர் வோய்த்தா, ஒரு கரும்பலகை, இரண்டு அகராதி. மாணவர் ஒருவரும் ஏறவில்லை. பலகையைச் சுமந்து வந்த திருப்புலி நாட்டு அர்த்தனாரியையே வோய்த்தா சேர்த்துக்கொண்டார்.

அர்த்தனாரிக்கும் அது தேவைப்பட்டது. மிளகு பறிக்க ஒற்றை மூங்கில் ஏணியில் ஏறினால் அவருக்குத் தலை சுற்றும்.

"பட்டம் வாங்குனீங்கன்னா உங்களை ஏறச் சொல்ல மாட்டேனுங்க. வாங்கலீன்னா தை மாசம் நீங்கதான் ஏறோணும்," என்று மனைவி பெருமாயி கறாராகச் சொல்லியிருந்தாள்.

இரண்டு வருஷத்தில் ரஷ்யமொழி தண்ணீர்பட்ட பாடாயிற்று. அடுத்தது செக்.

"இரண்டும் பங்காளி மொழிகள். இந்தப் பக்கம் ரஷ்யச் சொல், அந்தப் பக்கம் செக் சொல். ஒன்றுக்கு ஒன்று வைத்தே படித்துவிடலாம்," என்றார் வோய்த்தா.

ஒன்றுக்கு ஒன்று என்றதும் அர்த்தனாரிக்கு விளங்கிவிட்டது. அடிவாரத்து முள்ளுக்குறிச்சிச் சந்தையில் மிளகை இறக்கி உப்பை ஏற்றி வருகிற வழக்கம்தானே. உப்பையும் வாங்கிக்கொண்டு மிளகையும் மடியில் கட்டித் திரும்புகிறவனுக்குப் பெயர் வேறு. ஆகவே ஒரு செக் சொல் வந்து சேர்ந்ததும், அதற்குரிய ரஷ்யச் சொல்லை மனசாரக் கொடுத்து மறந்துவிடுவார்.

மலைக்கு 'கோரா' கொடுத்து 'ஹோரா' வாங்கி வந்தார்.

"அதே சரக்கைத்தானுங்க சாக்கு மாத்திக் குடுத்திருக்காரு," என்றாள் பெருமாயி.

"இரு புள்ள. நேத்து 'கோரத்'னு ஒரு பட்டணத்தைக் குடுத்தேன். 'ஹ்ரத்'னு கோட்டையே குடுத்தாரு."

"கோட்டை எதுக்குங்க? மாடு கட்டவா?"

'உஜாஸ்னி' ரஷ்யத்தில் பயங்கரம், செக்கில் அற்புதம். பயங்கரத்தைத் தள்ளி அற்புதத்தை வாங்கிய அன்று, ஏமாற்றிவிட்டோமே என்று அர்த்தனாரிக்குச் சோறு இறங்கவில்லை.

மார்கழியில் பரீட்சை. கேள்வி ஒன்றுதான்: இரு மொழிகளையும் ஒப்பிடுக. செக் பக்கம் நிரம்பி வழிந்தது. ரஷ்யப் பக்கம் வெள்ளை.

"ரஷ்யன் எங்கே, அர்த்தனாரி?"

"உங்ககிட்டத்தானுங்களே இருக்குது. ஒரு சொல் விடாமக் குடுத்துட்டேன்."

தோல்வி என்று தம் தாய்மொழியில் எழுத வோய்த்தா பேனாவை எடுத்தார். சொல் வரவில்லை. அம்மா அனுப்பிய கடிதத்தைப் பிரித்தார். ஒரு வரிகூடப் புரியவில்லை. செக் முழுவதையும் அவரும் கொடுத்தாயிற்று.

"என் மொழியைத் திருப்பிக் கொடு!" என்று அலறினார்.

இளகிய மனசுக்காரரான அர்த்தனாரி வாயைத் திறந்தார். களி கொண்டு வந்திருந்த பெருமாயி அந்த வாயைக் கையால் பொத்தினாள்.

"ஏனுங்க சாமி, கைமாறுன சரக்கு சும்மா திரும்புமுங்களா? மொதல்ல பட்டத்தை வைங்க."

"பாதித் தாள் எழுதியவனுக்கா?"

"இவருக்குப் பாதியாச்சும் தெரியுதுங்க. உங்க அம்மா கடுதாசியே உங்களுக்குத் தெரியலீங்களே. யாரு யாருக்குப் பட்டம் குடுக்கிறதுன்னு பேசலாமுங்களா?"

வோய்த்தா கையெழுத்துப் போட்டார். அர்த்தனாரி உட்கார்ந்து பட்டத்துக்கு ஈடாகச் செக்கை ஒவ்வொரு சொல்லாகத் திருப்பி ஒப்படைத்தார். கோட்டைக்கு மட்டும் கொஞ்சம் தயங்கினார்.

தை மாதம் பெருமாயியே ஏணி ஏறினாள். பட்டதாரி கீழே நின்று கூடை பிடித்தார்.

அடுத்த வருஷம் நிலப் பத்திரத்தில், கைவசம் ஓர் எழுத்தும் மிச்சமில்லாத அர்த்தனாரி வைத்தது இடது கைப் பெருவிரல் ரேகை.