மணலில் நின்ற வண்டி

"நீலச் சட்டை வேணாம்டி. அந்த வெள்ளைய எடு" என்றாள் ஜெயமேரி.

ஜோவிதா பீரோவின் அடித்தட்டிலிருந்து அப்பாவின் டிரைவர் யூனிபார்மை எடுத்தாள். ஓய்வுபெற்று ஏழு வருஷமாகியும் அம்மா அதைத் துவைத்து இஸ்திரி போட்டே வைத்திருந்தாள். இருவரும் சார்லஸின் முதுகுக்குக் கீழே கை கொடுத்துத் தூக்கி, முதலில் வலது கையை நுழைத்தார்கள். உடம்பில் இன்னும் கொஞ்சம் சூடு இருந்தது.

காலை ஐந்தரைக்கு எழுந்து டீ கேட்டிருக்கிறார். பாதி டம்ளர் குடித்துவிட்டு, சர்க்கரை சரியா இருக்கு என்றிருக்கிறார். டம்ளரை வாங்க ஜெயமேரி வந்தபோது ஆள் இல்லை. அறுபத்தேழு வயது. ஒரு நாள் படுத்துக் கிடந்ததில்லை. அழுது ஓய்ந்த பிறகு ஜெயமேரிக்கு அதில் ஒரு நிறைவுகூட வந்துவிட்டது. வந்தவர்களிடமெல்லாம் சர்க்கரை சரியாக இருந்ததைச் சொன்னாள். நாலு நாள் லீவில் வந்த மகள் பக்கத்தில் இருந்ததையும் சொன்னாள்.

சட்டைப் பையில் ஏதோ மொடமொடத்தது. ஜோவிதா எடுத்துப் பிரித்தாள். எட்டாய் மடித்து மடித்து, மடிப்பெல்லாம் கிழிந்த ஆபீஸ் மெமோ. 'மணற்பாங்கான இடத்தில் கவனக்குறைவாக வாகனத்தைச் செலுத்தி, பத்திரிகையாளர் பயணத்துக்கு இடையூறு விளைவித்த ஓட்டுநர்...' அதற்கு மேல் அவள் படிக்கவில்லை.

"இத வச்சா அனுப்பப் போற?"

"அவருதான் அங்க வச்சிருந்தாரு. ஒவ்வொரு தடவையும் தொவச்சுட்டுத் திரும்ப அங்கயே வச்சிருவேன். இருந்துட்டுப் போவட்டும்."

ஜெயமேரி தண்ணீர் எடுக்கப் போன சமயத்தில் ஜோவிதா காகிதத்தைத் தன் பர்ஸுக்குள் போட்டுக்கொண்டாள். முப்பது வருஷம் வண்டி ஓட்டிய மனுஷன் குழிக்குள் எடுத்துப் போகும் ஒரே காகிதம் இதுவாக இருக்கக் கூடாது என்று அவளுக்குத் தோன்றியது.

போலகம் ஊரில் அந்தக் கதை தெரியாதவர் கிடையாது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் கடலோரமாகப் போன ஒரு கம்பெனியின் எண்ணெய்க் குழாய் உடைந்தது. முதல் நாளே கரை கறுத்துவிட்டது. அன்று சாயங்காலம் வந்த அரசுச் செய்திக்குறிப்பிலோ, சிறு கசிவு, குழாய் மூடப்பட்டுவிட்டது என்று இருந்தது. பத்திரிகைக்காரர்கள் தாங்களாகப் போய்ப் பார்க்க முடியாது. பாதுகாப்புக்காக என்று வழியெல்லாம் போலீஸ். அரசு வேனில்தான் போக வேண்டும். வேன் போகிற இடம் இரண்டு கிலோமீட்டர் தெற்கே, எண்ணெயே படாத ஒரு கரை. அங்கே சாமியானா, நாற்காலி, டீ, வடை. ஒரு பெரிய அதிகாரி கேமராவுக்கு முன்னால் வறுத்த வஞ்சிரம் தின்று காட்டி, பயப்பட ஒன்றுமில்லை என்று சொன்னார். அந்த வஞ்சிரம் வேறு ஊர் மார்க்கெட்டிலிருந்து ஐஸ் பெட்டியில் வந்தது. போய் வாங்கி வந்தவர் சார்லஸ். வேனை ஓட்டியவரும் அவர்தான். இரண்டு நாள் ஒழுங்காக ஓட்டினார்.

மூன்றாம் நாள் வேன் சாமியானாவுக்குப் போய்ச் சேரவில்லை. ரோட்டில் வைக்கோல் டிராக்டர் மறித்து நின்றது, அதனால் சவுக்குத் தோப்புக்குள் திருப்பினேன் என்று பின்னால் விசாரணையில் சொன்னார். அரசு வேனைப் போலீசும் நிறுத்தவில்லை. தோப்பைத் தாண்டியதும் பின்சக்கரம் இரண்டும் அச்சுவரை மணலில் இறங்கிவிட்டன. எதிரே கறுப்புக் கரை. பதினோரு பத்திரிகைக்காரர்களும் இறங்கி நடந்தார்கள். வண்டியை இழுக்க ஆள் வருவதற்கு இரண்டு மணி நேரமானது. அதற்குள் எண்ணெயில் தோய்ந்த வலையும், செத்த ஆமையும், பிள்ளையின் காலை மண்ணெண்ணெய்த் துணியால் தேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணும் டிவியில் வந்தாயிற்று. மூடியாகிவிட்டது என்று சொன்ன குழாயை மறுநாள் விடியற்காலையில்தான் மூடினார்கள்.

அதற்குப் பிறகு அவர் பெயர் மணல் சார்லஸ். "அண்ணே, வாசல்ல மணல் கொட்டிருக்கு, பாத்து வாங்க" என்று டீக்கடையில் கூப்பிடுவார்கள். அவரும் சிரித்துக்கொண்டே வேட்டியைத் தூக்கிப் பிடித்து மணலைத் தாண்டுவதுபோல நடந்து காட்டுவார். காலேஜில் படித்துக்கொண்டிருந்த ஜோவிதாவுக்குத்தான் அவமானமாக இருந்தது. அதிலும் வண்டி மாட்டிய அன்று காலையில் அவள் அவரோடு சண்டை வேறு போட்டிருந்தாள். பஸ் ஸ்டாண்டில் விடுகிறேன் என்று வேனில் ஏற்றிக்கொண்டு போனவர், தருமபுரம் திருப்பத்தில் பஞ்சர் கடையில் காற்றடிக்க நிறுத்திவிட்டார். மயிலாடுதுறை பஸ் போய்விட்டது. அவள் கதவை அறைந்து சாத்திவிட்டு இறங்கிப் போனாள்.

பத்து மணிக்கு உத்திராபதி வந்தார். மெமோவில் கையெழுத்துப் போட்ட அதிகாரி. அவரும் ஓய்வுபெற்றுவிட்டார். மாலையைப் போட்டுவிட்டுப் பந்தலில் ஓரமாக உட்கார்ந்தவர், டீ கொடுக்க வந்த ஜோவிதாவை நிற்கச் சொன்னார்.

"ஏம்மா, ஒன்னு கேக்கலாமா? அன்னிக்கு வண்டி தானா மாட்டுச்சா, இல்ல அவரு மாட்ட வச்சாரா?"

"மெமோ போட்டது நீங்கதான சார்."

"அதனாலதாம்மா தெரியல" என்று டீயைக் கீழே வைத்தார். "வேணும்னே செஞ்சான்னு எழுதுன்னு மேலேர்ந்து ஒரே போன். அப்பிடி எழுதுனா வேலை போயிரும். நான் அவருகிட்ட கேக்கவே இல்ல. கேட்டா சொல்லிருவாரோன்னு பயம். கவனக்குறைவுன்னு எழுதுனேன், ஒரு இன்க்ரிமெண்டோட போச்சு. இப்ப கேக்கலாம்னா ஆளு இல்ல."

தெரியாது சார் என்றாள் ஜோவிதா. உண்மையிலேயே அவளுக்குத் தெரியாது.

பின்கட்டில் அம்மாவிடம் கேட்டாள். ஜெயமேரி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "நானும் அன்னிக்கே கேட்டேன். கொழம்புல புளி கொஞ்சம் தூக்கலா இருக்குன்னாரு."

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சாவு வீட்டில் யாராவது பார்த்துவிடப் போகிறார்களே என்று அம்மா கதவைச் சாத்தினாள்.

அந்த வேனில் போன நிருபர் கமர் நிஷாவும் வந்திருந்தார். வண்டி மாட்டியதும் அண்ணன் இறங்கி டயரைக்கூடக் குனிந்து பார்க்கவில்லை என்று சொன்னார். வண்டியை இழுக்க ஆள் வர நேரமாகும், சும்மா உட்காராமல் காலாற நடந்துவிட்டு வாங்க என்று மட்டும் சொன்னாராம். மீன்காரப் பெண்கள் நாலைந்து பேர் கூடையை வாசலில் வைத்துவிட்டு உள்ளே வந்து அழுதார்கள். ஒன்பது வருஷமாக அவர் பையில் இரண்டு மீன் கூடப் போட்டுக்கொண்டிருந்தவர்கள். அவரும் ஒருநாள்கூட வேண்டாம் என்று சொன்னதில்லை.

நாலு மணிக்குக் கோயிலில் பூசை முடிந்தது. கல்லறைத் தோட்டம் கடல் பக்கம். கடைசிக் கால் கிலோமீட்டர் ரோடு கிடையாது, மணல்தான். ஊர்வலம் பின்னால் நடந்து வர, அமரர் ஊர்தியின் முன்சீட்டில் ஜோவிதா உட்கார்ந்திருந்தாள். தார் ரோடு முடிகிற இடத்தில் டிரைவர் அகரன் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினான். பின்சக்கரத்தருகே குந்தி, ஒரு குச்சியால் டயரின் வாயை அழுத்தினான். உஸ்ஸென்று காற்று இறங்கியது.

ஜோவிதா எட்டிப் பார்த்தாள். "என்ன தம்பி, பஞ்சரா?"

"இல்லக்கா. மணல்ல போறப்ப கொறைச்சுக்கணும். அப்பத்தான் டயரு பரந்து மணல் மேலயே போவும். காத்து டைட்டா இருந்தா தோண்டிக்கிட்டு உள்ள எறங்கிரும்."

"இது எல்லாருக்கும் தெரியுமா?"

அகரன் அவளை ஒரு மாதிரி பார்த்தான். "இந்தக் கரையில வண்டி ஓட்டுற எவனுக்கும் தெரியும்க்கா."

அவன் அடுத்த சக்கரத்துக்குப் போனான். மறுபடியும் உஸ்ஸென்ற சத்தம்.

பஞ்சர் கடையில் நின்ற வேன் இப்போது அவள் கண்ணுக்கு முன்னால் இருந்தது. நாற்பது வைக்கட்டுமா என்று கடைக்காரர் கேட்டார். அம்பத்தஞ்சு வை என்றார் அப்பா. "அவ்வளவு வச்சா வண்டி குதிக்கும்ண்ணே." "குதிக்கட்டும், வை." நாலு சக்கரத்துக்கும் நின்று பார்த்து அடிக்கச் சொன்னார். ஒவ்வொன்றையும் செருப்புக் காலால் உதைத்துப் பார்த்துக்கொண்டார். அவள் நிமிஷத்துக்கு ஒருதரம் மணியைப் பார்த்துக்கொண்டு, உன்னாலதான் என் பஸ் போச்சு என்று கத்திக்கொண்டிருந்தாள். அவர் கோபப்படவேயில்லை. நாளைக்கு நேரத்தோட போயிரலாம்டா என்றார்.

வண்டி கிளம்பியது. எங்கும் சிக்காமல், படகு போவதுபோல மெதுவாக மணல் மேல் போய்க் கல்லறைத் தோட்டத்து வாசலில் நின்றது.

குழியருகே பெட்டியை இறக்கிக் கடைசியாக ஒருமுறை முகம் பார்க்கத் திறந்தார்கள். சாமியார் தண்ணீர் தெளித்தார். ஜெயமேரி குனிந்து, அவர் நெற்றியில் விழுந்திருந்த ஒரு பூவிதழை எடுத்தாள். எதிர்ப்பக்கம் உத்திராபதி செருப்பைக் கழற்றிவிட்டு, கையில் ஒரு பிடி மண்ணோடு நின்றார்.

"சார்" என்றாள் ஜோவிதா. "அப்பா கவனமாத்தான் ஓட்டுனாரு. காலைலயே டயருக்கெல்லாம் காத்தடிச்சுக்கிட்டுதான் போனாரு. அம்பத்தஞ்சு."

உத்திராபதிக்கு உடனே பிடிபடவில்லை. அவர் பார்வை வாசலில் பாதிக் காற்றோடு நின்ற ஊர்தியின் சக்கரங்களுக்குப் போனது. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு துண்டை எடுத்து வாயை மூடிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. பார்த்தவர்கள், பழைய ஆபீசருக்கு எவ்வளவு பாசம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

மூடியைத் தூக்க ஆட்கள் குனிந்தார்கள். ஒரு நிமிஷம் என்றாள் ஜோவிதா. பர்ஸைத் திறந்து காகிதத்தை எடுத்து, பழைய மடிப்பு மாறாமல் எட்டாய் மடித்தாள். அப்பாவின் சட்டைப் பையில் வைத்து, பைக்கு மேலிருந்த பொத்தானைப் போட்டுவிட்டாள்.