தம்பியிலிருந்து ஒரு துண்டு

துகிரான் செருப்பைக் கழற்றிவிட்டு மருத்துவமனை ஆய்வகத்தின் வாசலில் வந்து நின்றபோது, உறையவைத்து அரைத்த திசுவின் இளஞ்சிவப்புப் பொடியை வூரி சின்னக் குழாய் ஒன்றில் இறக்கிக்கொண்டிருந்தாள். அது அவன் மனைவி யாத்மியின் நஞ்சுக்கொடியிலிருந்து வந்தது. அவனுக்கு அது தெரியாது. வூரி குழாயை மூடித் தாங்கியில் வைத்தாள். பிறகு, அவசியமே இல்லாமல், தாங்கியைக் கணினிக்குப் பின்னால் நகர்த்தினாள்.

செவிலி எண்டாங் உள்ளே ஏதோ எடுக்க வந்தவள் அவனைப் பார்த்ததும் சிரித்தாள். "என்ன துகிரான், தாவெத் விக்க இங்கயே வந்துட்டியா? எனக்கு வெல்லம் தூக்கலா ஒரு டம்ளர் ஊத்து."

"தள்ளுவண்டிய எடுத்தே மூணு நாளாச்சு எண்டாங்கம்மா. தேங்காப்பாலு இந்நேரம் புளிச்சுப் பொங்கியிருக்கும்."

"பொண்ணு பொறந்த சந்தோசத்துல வியாபாரத்தையே மறந்துட்டான் பாரு," என்று வூரியிடம் சொல்லிவிட்டு எண்டாங் போய்விட்டாள். அவன் முகத்தில் அந்தச் சந்தோஷம் எதுவும் இல்லை. அவள் போகும்வரை காத்திருந்து, குரலைத் தாழ்த்தி, அக்கா முறை வைத்துக் கூப்பிட்டான்.

"ம்பாக் வூரி, ஒண்ணு கேக்கணும். யாத்மிக்குத் தெரிய வேணாம்."

குழந்தை நிறைமாதத்தில்தான் பிறந்தது. ஆனால் பாதி வளர்ந்ததுபோல் இருந்தது. யாத்மிக்கு ரத்த அழுத்தம் இல்லை, சர்க்கரை இல்லை, சாப்பாட்டுக்கும் குறைவில்லை. நஞ்சுக்கொடி மட்டும் வூரியின் உள்ளங்கைக்குள் அடங்கும்படி இருந்தது. தாயின் உடம்பு அனுப்பும் ஹார்மோன்களைப் பிடித்து வாங்கும் ஏற்பிகள் அந்தத் திசுவில் குறைவாக இருந்தால் குழந்தைக்குப் போக வேண்டியது போய்ச் சேராது என்பது வூரியின் எண்ணம். அதைச் சோதிக்க இப்படிப்பட்ட ஒன்றைத்தான் அவள் நெடுநாளாகத் தேடிக்கொண்டிருந்தாள். குழந்தை சிறிதாக இருக்கிறது என்று ஸ்கேனில் தெரிந்தபின், பிரசவத்துக்கு முன்பு அனுமதி கேட்டபோது, "நகத்தளவுதான் எடுப்பேன்" என்று சொன்னாள். யாத்மி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "நான் சரியாத் தின்னாததாலயா இல்லையான்னு அதுல தெரிஞ்சிருமா?" தெரியும் என்று வூரி சொன்னாள்.

ஆனால் கத்தி கையில் இருந்தபோது அவள் எடுத்தது கால்வாசி. இனி இப்படி ஒன்று எப்போது கிடைக்குமோ என்று தோன்றியது. துகிரான் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் புதைப்பதற்காக மீதியை மண்பானையில் வைக்கும்போது வெட்டுப்பட்ட பக்கத்தை அடியில் போகும்படி திருப்பி வைத்தாள். எண்டாங் கழுவித் தந்ததை இந்தக் காலத்தில் எந்த அப்பா மறுபடி வெளியே எடுத்துக் கழுவப்போகிறான் என்று நினைத்தாள். அவளும் அந்த ஊர்க்காரிதான்; அங்கே நஞ்சுக்கொடி குழந்தையோடு கூடப் பிறந்த தம்பி, அதை முழுசாக மண்ணில் சேர்ப்பது அப்பாவின் கடமை. அவளுடைய நஞ்சுக்கொடியும் அவள் அப்பாவின் கையால் கழுவப்பட்டு, வாசலுக்கு இடப்பக்கம் புதைக்கப்பட்டு, மேலே விளக்கு வைக்கப்பட்டதுதான்.

"பானைய ரெண்டு காலுக்கு நடுவுல வச்சுக்கிட்டு ஸ்கூட்டர்ல போனேன்," என்றான் துகிரான். "ரயில்வே கேட்டுல ஒரு தூக்குத் தூக்கிப் போட்டுச்சு. மூடி நழுவிருச்சு. நான் பாக்காம மூடிட்டேன். வீட்டுல கழுவுறப்பதான் பாத்தேன், ஒரு பக்கமே இல்ல. எங்க விழுந்துச்சுன்னு தெரியல. தண்டவாளத்து ஜல்லியெல்லாம் கெளறிப் பாத்துட்டேன். கேட்கீப்பர் என்னடா தேடுறன்னான். வண்டிச் சாவின்னேன்." தன் கைகளைப் பார்த்துக்கொண்டான். நகங்கள் உடைந்திருந்தன. "தம்பிய முழுசாக் கொண்டுபோய்ச் சேக்க முடியல என்னால. அக்காக்காரி கண்ணாடிப் பெட்டிக்குள்ள எடை ஏறாமக் கெடக்கா. நீங்க நகத்தளவு எடுத்தீங்களே, அதாச்சும் இருந்தாக் குடுங்க. அதையாவது அவனோட சேத்துடுறேன்."

வூரிக்கு எல்லாம் சுலபமாகக் கண்முன் வந்தது. ஒரு நகத்தளவு வெட்டி, துணியில் சுற்றிக் கொடுத்தால் போதும். அவன் நன்றி சொல்லிவிட்டுப் போவான். ஜல்லியில் தொலைத்தது தானேதான் என்று ஆயுசுக்கும் நம்புவான். சரியாகச் சாப்பிடவில்லை என்று யாத்மி தன்னையே வைவாள், அவன் அவளுக்குத் தெரியாமல் தன்னை வைவான். ஒரே வீட்டில் இரண்டு பேர், இரண்டும் செய்யாத குற்றம்.

"அது விழல, மாஸ்," என்று அண்ணன் முறை வைத்தே சொன்னாள். "நான்தான் வெட்டினேன். சொன்னதவிட ரொம்பப் பெருசா. உங்களுக்குத் தெரியக்கூடாதுன்னு திருப்பி வச்சேன்."

அவன் கோபப்படுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தான்.

"அப்போ கேட்டுல விழலையா?"

"விழல."

"நாய் எதுவும் திங்கலையே?"

"இல்ல, மாஸ்."

வாய் திறந்து மூச்சை விட்டான். அந்த நிம்மதியைப் பார்க்க முடியாமல் வூரி எழுந்துபோய்க் குளிர்பெட்டியைத் திறந்தாள். அரைத்தது போக மிச்சமிருந்ததை எல்லாம் எடுத்தாள். "ஒரு பங்கு பொடியாக்கி மருந்துல கலந்துட்டேன். அதத் திருப்பித் தர முடியாது," என்று சொன்னாள். அவன் தலையாட்டினான். சட்டைப் பையிலிருந்து ஒரு வெள்ளைத் துணியை எடுத்து விரித்தான். வரும்போதே கொண்டுவந்திருக்கிறான்.

துண்டுகள் கல்லைப்போல இருந்தன. பனி படிந்து புகைந்தன.

"இவ்வளவு குளிர்லயா வச்சிருந்தீங்க?"

"ஆமா."

"அங்க அவளுக்குச் சூடு காட்டுறாங்க," என்றான். துணியை மடித்து நெஞ்சோடு சேர்க்கப் போனான்.

"வேணாம், அந்தக் குளிருல தோல் பொசுங்கிடும்."

அதனால் தடியாக மடித்த துணியோடு இரண்டு உள்ளங்கைகளிலும் ஏந்திக்கொண்டு, வாயால் ஊதிக்கொண்டே எழுந்தான். வாசலில் நின்று திரும்பினான்.

"யாத்மிகிட்ட நீங்களே வந்து சொல்லுங்க, ம்பாக். நான் சொன்னா, நான் தொலைச்சத மறைக்கப் பொய் சொல்றேன்னு நெனப்பா."

செருப்பைப் போட மறந்து நடந்தான். அவன் கையிலிருந்து உருகிய நீர் நீண்ட தாழ்வாரத்தில் சொட்டுச் சொட்டாக விழுந்து, குழந்தைகள் அறைப் பக்கம் திரும்பியது. வூரி அவன் செருப்பை ஒரு கையில் எடுத்துக்கொண்டு, எந்தச் சொட்டையும் மிதித்துவிடாமல், பின்னால் போனாள்.