ஞாயிற்றுக்கிழமைப் பாரை

"ஞாயிற்றுக்கிழமை விடியப் பிடிச்ச பாரையோ? ஆருக்குத் தம்பி காது குத்துறாய்?"

"காது குத்தேல்ல அன்ரி. செவுளைப் பாருங்கோ, ரத்தமாக் கிடக்கு."

"அதைத்தான் கேக்கிறன்! ஞாயிற்றுக்கிழமை ஆர் கடலுக்குப் போனது?"

வெள்ளாங்குளத்துக்குப் போகிற கரையோர வீதியில், தகரக் கூரைக்குக் கீழே நாலு மேசை போட்ட சாப்பாட்டுக்கடை அது. பேசாலையிலிருந்து வாடகை வானில் வந்த மார்த்தா, சோற்றில் கை வைக்காமலே குசினி வாசலில் போய் நின்றாள். கடையைக் கண்டுபிடித்தது அவள் புருஷன் எமிலியானுசின் மூக்கு. குழம்பு வாசம் வானுக்குள் வந்ததும் "நிப்பாட்டு" என்றவர் அவர்தான். இப்போது இரண்டாம் தரம் சோறு போட்டுக்கொண்டு, சண்டை ஏதோ பக்கத்து வளவில் நடப்பதுபோல முள் எடுத்துக்கொண்டிருந்தார். மகள் செலீனாவுக்கு அது மூன்றாம் தரம்.

மார்த்தாவின் சந்தேகம் சும்மா வந்ததல்ல. வேதக்கார ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை வள்ளம் இறங்காது. அவள் தகப்பன் புயலுக்குப் பயப்படாத மனிசன். ஞாயிறென்றால் வலையைத் தொடவும் மாட்டார். இந்தக் கடைச் சுவரிலோ அந்தோனியார் படம், மாலையோடு. மீன் பழசென்றால் இவன் ஏமாற்றுக்காரன். புதுசென்றால் ஓய்வுநாளில் உழைக்கிற பாவி. எப்படிப் பார்த்தாலும் அவனுக்குத் தப்ப வழியில்லை என்பதில் மார்த்தாவுக்கு ஒரு திருப்திகூட.

அன்று அவளுக்கு எல்லாவற்றிலும் சந்தேகம்தான். முப்பத்தொரு வயதுச் செலீனாவுக்கு வந்த நாலாவது சம்பந்தத்தை, மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியாமல் விசாரித்துவரத்தான் இந்தப் பயணமே. "சொந்தத் தொழில், நல்ல பெடியன்" என்றிருந்தார் தரகர் சிங்கராசா. என்ன தொழில் என்று கேட்டபோது இருமினார்.

கடைக்காரன் அகப்பையை வைத்துவிட்டுச் சாரத்தில் கையைத் துடைத்தான். "என்ர பேர் பெனடிக்ற். இந்தக் கரையில ஆரை வேணுமெண்டாலும் கேட்டுப் பாருங்கோ."

பேரைக் கேட்டதும் மார்த்தா கைப்பையைத் திறந்தாள். தரகர் தந்த படத்தில் கோட்டும் ரையும். முன்னால் நின்றவனில் மீன் செதிள். மூக்கு மட்டும் அதே மூக்கு. செலீனா எட்டிப் படத்தைப் பார்த்தாள், பிறகு அவனை. பார்த்துவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்புத்தான் மார்த்தாவுக்குத் தாங்கவில்லை.

"ஞாயிறு உழைக்கிறவன்ர வீட்டுக்கு என்ர பிள்ளை வராது. சிங்கராசாவிட்ட நானே சொல்லுறன். எழும்பு செலீனா!"

பெனடிக்ற் ஏதோ சொல்ல வாய் திறந்தான். மார்த்தாவின் கையிலிருந்த தன் படத்தைக் கண்டதும், வந்திருப்பது யாரென்று விளங்கியது. காதுவரை சிவந்துபோய் வாயை மூடிக்கொண்டான்.

வந்த வழியே இரண்டு கட்டை தூரம் திரும்பியிருப்பார்கள். வான் சாரதி நுஃமான் பின்கண்ணாடியைப் பார்த்துச் சொன்னான்: "அக்கா, அந்த மீன் எங்கட ஹுசைன் நானா பிடிச்சது. ஒரு வள்ளம், ரெண்டு பங்காளி. வெள்ளி ஜும்மாவுக்கு அவர் கரையில நிப்பார், ஞாயிறு பூசைக்கு இவர் நிப்பார்."

"அதை ஏன் அங்க சொல்லேல்ல?"

"நீங்க எங்க ஆரையும் கதைக்க விட்டனீங்க?"

"திருப்புவமோ?" என்றார் எமிலியானுஸ். மார்த்தா கைப்பையை இறுக்க மூடினாள். சொன்ன சொல்லைத் திருப்பி விழுங்கி அவள் குடும்பத்தில் ஒருவருக்கும் பழக்கமில்லை. செலீனா கை கழுவாமலே எழும்பி வந்திருந்தாள். மன்னார்ப் பாலம் வரைக்கும் அந்தக் கையை மடக்கியே வைத்திருந்தாள்.

அடுத்த வருடம் அவள் முருங்கனில் கந்தோர் உத்தியோகம் பார்க்கிற அருட்பிரகாசத்தைக் கட்டினாள். மனிசன் ஞாயிற்றுக்கிழமையும் ஓவர்ரைம் செய்வதாகக் கேள்வி. மார்த்தா அதைப்பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை. பெனடிக்ற், அரிப்புக் கிராமத்துப் பிரான்சிஸ்காவைக் கட்டிக்கொண்டு இத்தாலிக்குப் போய்விட்டான். கடை வள்ளப் பங்காளி ஹுசைனின் கைக்குப் போனது.

மூன்று வருடம் கழித்து, ஒருவருக்கும் சொல்லாமல், மார்த்தா பஸ் ஏறி அந்தக் கடை வாசலில் இறங்கினாள். அன்றைக்கு நாக்கில் வைக்காத குழம்பு என்னதான் ருசியென்று பார்க்க வேண்டும்போல இருந்தது. கதவில் பூட்டு. அன்று வெள்ளிக்கிழமை என்பது பஸ் போன பிறகுதான் நினைவுக்கு வந்தது. மணலில் வள்ளம் கவிழ்ந்து கிடந்தது. அதன் நிழலில் படுத்திருந்த நாய் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டது. மார்த்தா கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு, அடுத்த பஸ்ஸுக்காக அங்கே குந்தினாள்.