நீதிபதி வீட்டுக் குழந்தை

"ரயில்ல போனா கல்யாணப் பொண்ணா இறங்க மாட்ட. கரிமூட்டையாத்தான் இறங்குவ," என்றாள் சித்தி டில்லி, வாயிலிருந்த ஊசியை எடுத்துவிட்டு. ஆர்வெல்லா வெள்ளைக் கல்யாண உடையில் நின்றிருந்தாள்.

சித்தி மிகைப்படுத்தவில்லை. அந்நாளைய அமெரிக்க ஜார்ஜியாவில், கறுப்பர்களுக்கென்று சட்டம் ஒதுக்கிய பெட்டி கரிப்புகை கக்கும் எஞ்சினை ஒட்டியே வரும். போன மாதம் பக்கத்து வீட்டு பெர்னிஸின் கல்யாண முக்காடு, தீப்பொறி பட்டுச் சல்லடையாகத்தான் தேவாலயம் போய்ச் சேர்ந்தது. இவளுக்கோ இறங்கியதும் கல்யாணம். பாதிரியார் அடுத்த ரயிலில் கிளம்புகிறார். உடை மாற்ற நேரமில்லை.

"வெள்ளக்காரப் பெட்டியில ஆயாவ மட்டும் விடுவாங்கல்ல?"

"கையில வெள்ளக்காரக் குழந்தை இருந்தா விடுவாங்க சித்தி. என் கையில என்ன இருக்கு?"

சித்தி விருந்துக்கு வாங்கிய புகைபோட்ட பன்றித்தொடையைப் பார்த்தாள். பிறகு, நீதிபதி வீட்டிலிருந்து வெளுக்க வந்திருந்த குழந்தைத் துணிகளைப் பார்த்தாள்.

உடைமேல் ஏப்ரன் கட்டியதும் ஆர்வெல்லா ஆயாவானாள். லேஸ் குல்லாய் போட்டு, முகம் மூடத் துணி சுற்றியதும் பன்றித்தொடை வெள்ளையனானது. சட்டம் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை.

ரயிலில் டிக்கெட் பரிசோதகர்தான் கேட்டார். "யார் குழந்தை?"

"நீதிபதி ஐயா வீட்டுதுங்க. அம்மை போட்டிருக்கு. முகத்தத் திறக்கக் கூடாதாம்."

அவர் இரண்டடி பின்வாங்கினார். எதிர் இருக்கைச் சீமாட்டி மட்டும் எட்டிப் பார்த்தாள். "நல்ல உருண்டை. அப்படியே நீதிபதி உடம்பு. ஆனா புகை வாடை வருதே?"

"தாத்தா ஓயாம சுருட்டு குடிப்பாருங்கம்மா."

"பாவம், அழவே மாட்டேங்குது. எவ்வளவு நல்ல வளர்ப்பு."

பாதி வழியில் கை மரத்துப்போய், ஆர்வெல்லா குழந்தையை மெல்ல இருக்கையில் கிடத்தினாள். பரிசோதகர் தொலைவிலிருந்தே விரலை ஆட்டினார். "சீட்டு குழந்தைக்குத்தான். அது உன் மடியில இருக்கிற வரைக்கும்தான் நீ இங்க இருக்கலாம். கீழ வெச்சா, எந்திரிச்சு முன்பெட்டிக்குப் போ."

அவள் பன்றித்தொடையை வாரியெடுத்து, முதுகில் தட்டிக்கொடுத்துத் தாலாட்டினாள். சீமாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கொழுப்பையெல்லாம் ஏப்ரன் வாங்கிக்கொண்டது. உடை பால்போல் வந்து சேர்ந்தது, கல்யாணமும் முடிந்தது.

விருந்தில் மாப்பிள்ளை லெமுவேல் கத்தியோடு நின்று விழித்தான். "இது ஏன் குல்லாய் போட்டிருக்கு?"

"அதக் கழட்டி வை, சித்தி வெளுத்துத் திருப்பிக் குடுக்கணும்," என்றாள் ஆர்வெல்லா. "அப்புறம், மரியாதையா வெட்டு. இந்தப் பந்தியில இருக்கறவங்கள்ல வெள்ளக்காரப் பெட்டியில சொந்த உரிமையோட வந்தது அது ஒண்ணுதான். நான் அதுக்குத் துணைக்கு வந்தவ."