சுவரிலும் தரையிலும் வருவது

எழுதிப் பழக்கமில்லாத ஒருத்தி இதை எழுதத் துணிந்ததை வாசகர்கள் பொறுத்தருள வேண்டும். பாடசாலைக் கட்டுரைகளுக்கு அப்பால் நான் எதையும் எழுதியவள் அல்லள். இருப்பினும், அன்று எங்களுக்கு நேர்ந்ததை ஒழுங்காகச் சொல்லிவிட்டால் மனம் இன்னும் சற்று இலேசாகும் என்று தோன்றுவதால், தங்கள் நேரத்தில் சிறிதளவைக் கேட்டுக்கொள்கிறேன்.

என் பெயர் அஸ்ரா. கல்முனையில் பிறந்து, திருமணத்தின் பின் மாத்தளைக்கு வந்தவள். எங்கள் வீடு எல்கடுவ வீதிக்கு மேலே, மிளகுக் கொடிகள் படர்ந்த சரிவொன்றின் அடியில் இருந்தது. கணவர் அஸ்ஹர் லொறியில் தம்புள்ளைக்குப் போயிருந்தார். பல நாள் மழையில் தொலைபேசியும் செயலிழந்திருந்தது. வீட்டில் நானும், முழங்காலில் சத்திரசிகிச்சை செய்துகொண்டு ஊன்றுகோலுடன் நடமாடிய அவருடைய தாயார், என் மாமி கைறுன்னிஸாவும் மட்டுமே இருந்தோம்.

நண்பகல் லுஹர் தொழுகை முடிந்த வேளையில், பாண் ரொட்டி விற்பவனுடையதைப் போல ஒலிபெருக்கி கட்டிய முச்சக்கர வண்டியொன்று கீழ்வீதியில் மெதுவாக ஊர்ந்து சென்றது.

"பாண்காரனா மகள்?" என்று மாமி உள்ளிருந்து கேட்டார்.

"பாண்காரனெண்டாப் பாட்டுப் போடுவான் மாமி. இது ஏதோ அறிவித்தல்."

"அப்ப கரண்ட் வெட்டப் போறத்தத்தான் செல்லுவான்."

அறிவித்தல் சிங்களத்தில் இருந்தது. மாமி பல ஆண்டுகள் மாத்தளைக் கடைத்தெருவில் கராம்பும் சாதிக்காயும் விற்றவர். சிங்களத்தில் அவரிடம் பேரம் பேசி வென்றவர் இல்லை. ஆனால் அன்று அவரும் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "இது கந்தோர் சிங்களம் மகள், கவர்மெந்துக் கடுதாசில வாரது. எனக்கு வெல பேசுற சிங்களம்தான் வெளங்கும்."

எனக்கோ அதுவும் தெரியாது. சுவர், தரை, தண்ணீர், புதியது, பெரியது என்பன போன்ற சிறு சொற்களையே அறிவேன். வண்டி மேல்வளைவில் திரும்பி மறுபடியும் வந்தபோது, கூரையோரம் நின்று கவனமாகக் கேட்டேன். 'இரிதெலீம்' என்றொரு சொல் திரும்பத் திரும்ப வந்தது. சுவரில் இரிதெலீம். தரையில் இரிதெலீம். புதிய இரிதெலீம். அது பெரிதானால், அதற்குள் தண்ணீர் போனால்... கடைசியில் பாடசாலை.

"மாமி, கரண்டெண்டாத் தரையில ஏன் வரணும்?"

"அப்ப பூஞ்சணமா ஈக்கும். இந்த மழைக்குச் சுவரெல்லாம் பச்ச புடிச்சிதானே ஈக்குது."

அது பொருத்தமாகவே பட்டது. பூஞ்சணம் சுவரிலும் வரும், தரையிலும் வரும். புதிதாகத் தோன்றும், பெரிதாகும். ஏறக்குறைய நிம்மதியடைந்துவிட்டேன். ஆனால் பூஞ்சணத்துக்குள் தண்ணீர் எவ்வாறு போகும்? தண்ணீர் போக வேண்டுமானால் அதற்கு வாய் இருக்க வேண்டும். பூஞ்சணத்துக்கு அஞ்சி எவரையும் வீட்டை விட்டுப் பாடசாலைக்கு அழைக்கவும் மாட்டார்கள்.

"வெடிப்பு மாமி. வெடிப்பைத்தான் சொல்றாங்க. மலை சரியப் போகுது போல."

மாமி சிரித்துவிட்டார். "பாண்காரன்ட்ட வெல கேக்கவே இன்னம் வெரலக் காட்டுற ஆளு, கந்தோர் சிங்களத்துக்கு அர்த்தம் செல்றாவு!"

"அர்த்தம் தெரியாது மாமி. அதைச் சுத்தி இருக்கிற சொல்லுகள்தான் தெரியும்."

என் ஊகம் பிழையாயின், ஆறாத முழங்காலுடைய ஒருவரை வழுக்கும் படிகளில் இழுத்துச் சென்ற பாவம் என்னைச் சேரும். சரியாயின், அங்கே தங்குவது எங்கள் இருவரின் உயிருக்கும் ஆபத்து. குடையுடன் சமையலறைக்குப் பின்னால் ஏறிப் பார்த்தேன். ஆட்டுக் கொட்டிலுக்கு மேலே, மிளகுக் கொடிகளினூடே, நிலம் நீளமாகப் பிளந்திருந்தது. மேலிருந்து வந்த மழைநீர் முழுவதும் சத்தமின்றி அதற்குள் இறங்கிக்கொண்டிருந்தது. கொடிக்கு ஊன்றிய கம்பொன்றைப் பிடுங்கி உள்ளே விட்டேன். அடி தட்டவில்லை.

சேறு படிந்த அந்தக் கம்பை மாமியின் முன் நீட்டினேன். "இவ்வளவும் உள்ள போயிட்டுது மாமி."

மாமி கம்பை மேலிருந்து கீழாகப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

"என்ட செருப்பு எங்க மகள்?"

ஆட்டுக் கொட்டிலைத் திறந்துவிட்டு, பக்கத்து வீட்டு வேலம்மாவையும் அவருடைய கணவர் மாரிமுத்துவையும் கூவி அழைத்தேன். வேலம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். "ஐயோ, டெங்கு நொளம்புக்கு மருந்தடிக்க வர்றாங்கன்னுல்ல நாங்க கதவச் சாத்திட்டு இருந்தோம்!"

மாமியைப் பிளாஸ்டிக் கதிரையில் இருத்தி மூவருமாகத் தூக்கினோம். "மெதுவா மாரிமுத்து, நான் மொளகு மூட்ட இல்ல!" என்றார் மாமி.

"மூட்டைன்னா இவ்வளவு பேசாதுங்கம்மா," என்றார் மாரிமுத்து.

நாங்கள் பாடசாலையில் ஈர உடைகளைப் பிழிந்துகொண்டிருந்தபோது, லொறியொன்று கருங்கல்லைக் கொட்டுவது போன்ற ஓசை மலைப்பக்கமிருந்து எழுந்து, நீண்டு, அடங்கியது. மாமி என் கையைப் பிடித்தார். "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். நானும் அதையே சொன்னேன்.

மறுநாட்காலை, மண்ணால் மூடப்பட்ட வீட்டைப் பார்த்துவிட்டு அஸ்ஹர் பாடசாலைக்கு ஓடி வந்தார். எங்களைக் கண்டதும் வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதார்.

"அழாதீங்க மகன்," என்றார் மாமி. "ஒங்கட பொஞ்சாதிக்குச் சிங்களம் தெரியாதது நல்லதாப் போச்சி. தெரிஞ்ச நாங்கெல்லாம் காது குடுக்கவே இல்ல."

அன்று எல்லோரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பின் இலேசு இன்றும் என்னுடன் இருக்கிறது.

மனிதர் எவரையும் நாங்கள் இழக்கவில்லை. இழந்தவை: வீடு, கிணறு, வெளியே வர மறுத்த கிடாய், மிளகுக் கொடிகள் அனைத்தும், வேலம்மாவின் தையல் இயந்திரம், அவசரத்தில் கதவோரம் மறந்துவிட்ட மாமியின் ஊன்றுகோல்.