நான்காம் பதிப்பின் மறைவும் அதைத் தொடர்ந்தவையும்

லோம் நகரப் பெருமக்களுக்கும், டான்யூப் நதியின் இக்கரை அக்கரைவாசிகளுக்கும், இன்னும் பிறக்காத தலைமுறைகளுக்கும் ஆழ்ந்த துயரத்துடன் அறிவிக்கப்படுவது யாதெனில்: ‘வலையமைப்பு நிர்வாகி, இரண்டாம் நிலை, நான்காம் பதிப்பு’ என்னும் கணினித் தேர்வு, மார்ச் பதினொன்றாம் தேதி திங்கட்கிழமை நண்பகலில், இரண்டு ஆண்டு ஏழு மாதமே நிறைந்த நிலையில் காலமானது. துயருறுவோர்: பென்கோ வல்ச்சேவ், ஐந்தாம் மாடி.

பதினான்காம் பிளாக்கின் மூன்றாம் வாசல் கண்ணாடிக் கதவில் அன்று காணப்பட்ட கண்ணீர் அஞ்சலித் தாளில் இருந்த வாசகம் இதுதான். கறுப்புக் கட்டம், மேலே சிலுவை, புகைப்படம் இருக்கவேண்டிய சதுரம் மட்டும் காலி. எங்கள் ஊரில் கதவு, மரம், விளக்குக் கம்பம் எல்லாவற்றிலும் இறந்தவர்கள் ஒட்டப்பட்டிருப்பார்கள். நாற்பதாம் நாளுக்கு ஒன்று, ஆறு மாதத்துக்கு ஒன்று, பிறகு வருடத்துக்கு ஒன்று. அதனால் ஒரு தாள் கூடியதில் யாருக்கும் வியப்பில்லை. அந்த வாசல் வீடுகளுக்கெல்லாம் மேலாளரான சோன்கா அத்தைக்குத்தான் கோபம். அனுமதியில்லாமல் ஒட்டியதற்காகக் கத்தியோடு வந்து சுரண்டிப் பார்த்தாள். தாள் கண்ணாடிக்கு வெளியிலும் இல்லை, உள்பக்கத்திலும் இல்லை, கண்ணாடிக்குள்ளேயே இருந்தது. ஆள் வைத்துக் கண்ணாடியை மாற்றினாள். மறுநாள் புதுக் கண்ணாடிக்குள்ளும் அதே தாள் இருந்தது, கீழே ஒரு வரி கூடுதலாக: கண்ணாடிச் செலவு பென்கோ வல்ச்சேவைச் சேர்ந்தது. அதன்பிறகு அவள் எதிர்ப்பைக் கைவிட்டாள்.

பென்கோவுக்கு அப்போது வயது நாற்பத்திரண்டு. பல்பொருள் அங்காடி ஒன்றின் வாசலில் பன்னிரண்டு மணி நேரம் நின்று, பாலாடைக்கட்டியைச் சட்டைக்குள் ஒளித்துப் போகும் ஓய்வூதியக்காரர்களைப் பிடிப்பது அவன் உத்தியோகம். மனைவி ருமியானா இத்தாலியில், பெர்கமோ பக்கம், எண்பத்தொன்பது வயதுக் கிழவி ஒருத்தியைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். தலைநகர் சோஃபியாவில் ஒரு கணினி நிறுவனம் மேற்படிச் சான்றிதழ் உள்ளவர்களை வேலைக்கு எடுக்கிறது, அதுவும் நடப்புப் பதிப்பு என்றால்தான் எடுக்கிறது. பென்கோ சான்றிதழ் வாங்கி அந்த வேலையில் சேர்ந்தால் ருமியானா திரும்பி வந்துவிடுவதாகப் பேச்சு. பேருந்து ஏறும்போது அவள் சொன்னது இவ்வளவே: “அந்தக் காகிதத்தக் கையில வாங்கு. மறுநாள் நான் இங்க நிப்பேன்.” பென்கோ தலையாட்டினான். ஆறு மாதத்தில் முடிந்துவிடும் என்று இருவரும் நம்பினார்கள். இப்படி நம்பவைத்தவர் பொறியாளர் கரகியோசொவ்.

பொறியாளர் கரகியோசொவைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது, அவர் விடமாட்டார். பொறியாளர் என்ற பட்டம் அவருடைய கதவில் பித்தளையில் இருந்தது, அழைப்பு அட்டையில் தங்க எழுத்தில் இருந்தது, பல் மருத்துவரிடம் பெயர் கொடுக்கும்போது வாயிலும் இருந்தது. ‘நாளைய ஒளி’ என்ற பயிற்சிக்கூடத்தின் நிறுவனர், தலைவர், ஒரே ஆசிரியர். மனிதர் கடைசியாக எழுதிய பரீட்சை கறவை இயந்திரங்களைக் கழுவுவது பற்றியது, அதில் மறுதேர்வு. எந்தத் தேர்வுக்கும் படிக்காதவர் என்பதால் அவர் வீட்டுக் கதவில் எந்தத் தாளும் வந்ததில்லை. சாவே அண்டாத அந்த வீட்டிலிருந்துதான் அவர் ஊர் முழுவதற்கும் புத்தகம் விற்றார்.

நான்காம் பதிப்பு செத்த அன்று பென்கோ எழுநூற்று நாற்பது பக்கத்தில் அறுநூற்றுப் பன்னிரண்டாவது பக்கத்தில் இருந்தான். தகவல் தெரிந்ததும் பக்கங்கள் மங்கவில்லை, எரியவில்லை, சாம்பலாகவில்லை, விறைத்துப்போயின, அவ்வளவுதான். புத்தகத்தை மூட முடியவில்லை. ஊர் வழக்கப்படி நாற்பதாம் நாள் வேகவைத்த கோதுமையில் சர்க்கரையும் வாதுமையும் கலந்து, வாசலில் நின்று எல்லோருக்கும் காகிதக் கோப்பையில் கொடுத்தான். பொறியாளர் கறுப்பு டை கட்டி வந்து பேசினார். “அறிவு சாவதில்லை நண்பர்களே, பதிப்புகள்தான் சாகின்றன” என்றார். பிறகு ஐந்தாம் பதிப்பை எடுத்து நீட்டி, துக்கத்தில் இருப்பவர்களுக்குப் பத்து சதவீதம் தள்ளுபடி என்றார். சோன்கா அத்தை இரண்டாவது கோப்பையைக் காலி செய்தபடி கேட்டாள்: “பென்கோ தம்பி, அடுத்தது எப்ப? அடுத்த தடவை சர்க்கரையைக் கொஞ்சம் தாராளமாப் போடுப்பா. பரீட்சைதான செத்துச்சு, நாமளா செத்தோம்?”

ஐந்தாம் பதிப்புக்கு எண்ணூற்றுத் தொண்ணூறு பக்கம். பென்கோ இம்முறை படிப்பதைவிடப் பயப்படுவதை முறையாகச் செய்தான். ஒரு பக்கம் படிப்பான், உடனே எழுந்து ஐந்து மாடி இறங்கிப்போய்க் கதவைப் பார்ப்பான். தாள் இல்லையென்றால் மேலே ஏறிவந்து அடுத்த பக்கம். எங்கள் பிளாக்கின் மின்தூக்கி பழைய கம்யூனிஸ்ட் ஆட்சிக் காலத்திலேயே நின்றுவிட்டது, எனவே இரண்டே ஆண்டில் அவன் கெண்டைக்கால் சதை குதிரைக்கு இருப்பதுபோல் ஆயிற்று. மூளையைப் பற்றி அப்படி எதுவும் சொல்வதற்கில்லை. ஞாயிறுதோறும் ருமியானா பேசுவாள். சாப்பிட்டாயா, மழையா, குழாய் சரியாயிற்றா என்று கேட்பாள். எல்லாவற்றுக்கும் பதில் ஒன்றே: “படிச்சிட்டிருக்கேன்.”

ஐந்தாம் பதிப்பு அவன் எண்ணூற்று இரண்டாம் பக்கம் படித்துக்கொண்டிருந்தபோது இறந்தது. தாளின் காலிச் சதுரத்தில் இப்போது ஒரு காதும் சட்டைக் காலரும் தெரிந்தன. காது பென்கோவுடையது என்று வாசல் முழுவதும் ஒரே குரலில் சொன்னது. கீழ்நுனி ஒட்டிய காது அந்த பிளாக்கில் அவன் ஒருவனுக்குத்தான். மீண்டும் கோதுமை, மீண்டும் கறுப்பு டை, மீண்டும் தள்ளுபடி. துக்க வீடு தொடர்வதால் இம்முறை பதினைந்து சதவீதம். தேவாலயப் பாதிரியார் முதலில், ஞானஸ்நானம் பெறாததற்கு ஜபம் சொல்லமுடியாது என்றார். கோதுமையில் திராட்சையும் இருப்பதைக் கண்டபின் சுருக்கமாகச் சொன்னார்.

ஆறாம் பதிப்புக்குப் பென்கோ தூக்கத்தை விட்டான், தாடியை வளரவிட்டான், அங்காடியில் திருடர்களையும் விட்டான். அந்த வருடங்களில் எங்கள் ஊரில் பாலாடைக்கட்டி மலிவாகக் கிடைத்ததற்கு அதுவே காரணம். ஒரு வியாழக்கிழமை, மாவட்டத் தலைநகரின் தேர்வு மையத்தில் உட்கார்ந்து பதினொன்று ஐம்பதுக்குத் தேர்ச்சி பெற்றான். சான்றிதழ் அச்சாகி வெளியே வந்தபோது சூடாக இருந்தது. பன்னிரண்டு அடித்ததும் அவன் கையிலேயே ஜில்லிட்டது. வீடு வந்து சேர்ந்தபோது கதவில் மூன்றாவது தாள்: ஆறாம் பதிப்பு, இரண்டு ஆண்டு ஐந்து மாதம். சதுரத்தில் அவன் முழு முகம். தாடி உட்பட.

சோஃபியா நிறுவனத்துக்குத் தொலைபேசினான். அங்கே எடுத்த பெண் மிக மரியாதையாகப் பேசினாள். “வாழ்த்துகள் சார். ஆனா எங்களுக்கு ஏழாம் பதிப்பு வேணும்.” சான்றிதழைச் சட்டம் போட்டுத்தரச் சொல்லிப் பொறியாளரிடம் போனான். அவர் காகிதத்தை இரண்டு விரலால் ஓரத்தில் பிடித்து முகர்ந்துபார்த்தார். “எடுத்துட்டுப் போப்பா. வெயில் நாள், இது தாங்காது” என்றார். அதை வீட்டுக்குக் கொண்டுவந்து குளிர்பெட்டியில், வெள்ளரிக்காய் ஊறுகாய்க்குப் பக்கத்தில் வைத்தான். மறுநாள் ஏழாம் பதிப்பைத் தொடங்கினான். ருமியானாவிடம் எதையும் சொல்லவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையும் படித்துக்கொண்டிருப்பதாகவே சொன்னான். அது உண்மைதான்.

இத்தாலிக்கு வாரம் ஒருமுறை வேன் ஓட்டும் சப்ரியான், ருமியானாவுக்குப் போகவேண்டிய மிளகாய்ச் சட்னி ஜாடிகளை வாங்கிப்போக அந்தச் சமயத்தில்தான் வந்தான். எங்கள் ஊரில் யாரும் அஞ்சலித் தாளின் எழுத்துகளைப் படிப்பதில்லை. முகத்தைப் பார்ப்பார்கள், வருடத்தைப் பார்ப்பார்கள், தன்னைவிட இளையவனா என்று கணக்குப் போட்டு நிம்மதியாகப் போவார்கள். சப்ரியானும் முகத்தைப் பார்த்தான். இரண்டு ஆண்டு ஐந்து மாதம் என்பதைப் பார்த்தான். தொப்பியைக் கழற்றிவிட்டு, மேலே ஏறாமலே வண்டியைக் கிளப்பினான். பெர்கமோவில் ருமியானாவிடம், அவள் கணவன் இறந்து இரண்டரை வருடம் ஆகிறது என்றும், நினைவுநாள் தாள் ஒட்டியிருக்கிறார்கள் என்றும் சொன்னான்.

“உளறாத. போன ஞாயிறுகூட என்கிட்டப் பேசினான்” என்றாள் ருமியானா.

“என்ன பேசினாரு?”

“படிச்சிட்டிருக்கேன்னான்.”

“அதுக்கு முந்தின ஞாயிறு?”

ருமியானா யோசித்தாள். அதற்கு முந்தினதையும் யோசித்தாள். இரண்டரை வருடத்து ஞாயிறுகளையும் ஒவ்வொன்றாக எடுத்து உதறிப் பார்த்தாள். ஒன்றிலிருந்தும் வேறொரு சொல் விழவில்லை. அதன்பின் அவள் நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். கிழவியின் மகன்கள் கண்ணீர் மல்க வழியனுப்பிவைத்துவிட்டு, அவள் தெருமுனை திரும்புவதற்குள் மால்டோவாக்காரி ஒருத்தியை அமர்த்தினார்கள்.

இருபத்தாறு மணி நேரம் வேனில் வந்து, கறுப்பு உடையில், ‘மறவா மனைவி’ என்று நாடா கட்டிய மலர்வளையத்தோடு ருமியானா ஐந்து மாடி ஏறினாள். வளையத்தை, ஊருக்குள் மெத்தோதி என்பவர் நடத்தும் சவ அடக்க நிலையத்தில், வரும் வழியில் வாங்கியிருந்தாள். கதவைத் திறந்தால், சமையலறை மேசையில் தாடியோடு ஒரு உருவம் குனிந்திருந்தது. நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “படிச்சிட்டிருக்கேன்” என்றது.

அவள் மலர்வளையத்தாலேயே அடித்தாள். செயற்கைப் பூதான், ஆனால் உள்ளே கம்பி.

“உயிரோடவா இருக்க? வெக்கமா இல்ல உனக்கு? மூணு நாட்டு எல்லையில அழுதிருக்கேன், மனுஷா! ஆஸ்திரியாக்காரன் தண்ணி கொடுத்தான்!”

“செத்தது நான் இல்ல ருமி, ஆறாம் பதிப்பு...”

“காகிதம் வாங்கினியா இல்லையா?”

பென்கோ எழுந்துபோய்க் குளிர்பெட்டியைத் திறந்து காட்டினான். ருமியானா ஊறுகாய் ஜாடியை நகர்த்திப் பார்த்தாள். சான்றிதழ் ஓரங்களில் நீலம் பாரித்திருந்தது. நீண்ட நேரம் பார்த்துவிட்டுப் பெட்டியைச் சாத்தினாள். சத்தம் கேட்டு மேலே வந்திருந்த சோன்கா அத்தை வாசற்படியிலிருந்து, “வந்ததுதான் வந்துட்ட, நாற்பதாம் நாள் கோதுமையை நீயே வேகவச்சுடு. இவன் சர்க்கரையில கை வைக்கமாட்டேங்கிறான்” என்றாள். ருமியானா அவளையும் வளையத்தைக் காட்டி விரட்டினாள்.

திரும்பிப் போக அங்கே வேலை இல்லை, இங்கேயும் இல்லை. மறுநாள் காலை ருமியானா வளையத்தை நிமிர்த்தி, பூக்களைச் சீவி, கணவனின் தாடியை மழித்து, வளையம், கணவன் இரண்டையும் எடுத்துக்கொண்டு மெத்தோதியிடம் போனாள். பயன்படாத வளையத்தைத் திருப்பி எடுத்துக்கொள்ளவேண்டும் என்பது அவள் கட்சி. மெத்தோதி ஒத்துக்கொள்ளவில்லை. “அம்மணி, இது அடி வாங்கின வளையம்.” “வாங்கல, கொடுத்துச்சு.” இப்படி ஒரு மணி நேரம் போயிற்று. இதற்கிடையில் பென்கோ மூலையில் இருந்த கணினியைப் பார்த்தான். கறுப்புத் திரை, பச்சை எழுத்து, இருபத்தாறு வருடம் பழையது. கண்ணீர் அஞ்சலித் தாள்கள் அதில்தான் தயாராயின: பெயர், வயது, துயருறுவோர். அதை யாரும் புதுப்பித்ததில்லை. வாடிக்கையாளர்கள் புதிய வசதி எதையும் கேட்டதில்லை. தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண் போன மாதம் ஜெர்மனிக்குப் போய்விட்டாள், மெத்தோதி தானே தப்பும் தவறுமாக அடித்து, கடந்த வாரம் ஒரு கர்னலைக் கைம்பெண்ணாக்கியிருந்தார்.

பென்கோ கோட்டுக்குள்ளிருந்து சான்றிதழை எடுத்து நீட்டினான். மெத்தோதி அதை அஞ்சலித் தாளின்மேல் வைத்து, நீள அகலம் சரியாக இருப்பதைப் பார்த்துத் திருப்தியடைந்தார். பின்பக்கம் காலியாக இருந்ததால், அன்று மாலை அடக்கமாகவிருந்த பெண்மணியின் பெயரை அதில் எழுதிக்கொண்டார்.

ஏழாம் பதிப்பு இரண்டு ஆண்டு கழித்து, ஓர் இலையுதிர்காலத்தில் இறந்தது. கதவுக் கண்ணாடியில் தாள் வந்தது. சதுரம் மறுபடி காலியாக இருந்தது. பென்கோ வேலைக்குப் போகும் வழியில் நின்று பார்த்து, கறுப்புக் கட்டம் ஒரு மில்லிமீட்டர் தடிமன் கூடுதல் என்று சொல்லிவிட்டுப் போனான். ருமியானா கோதுமை வேகவைத்தாள், சர்க்கரை போதுமானதாக இருந்தது, பொறியாளர் இருபது சதவீதம் தள்ளுபடியை அறிவித்துவிட்டு இரண்டு கோப்பை சாப்பிட்டார். எட்டாம் பதிப்பு போன ஆண்டு போயிற்று. ஒன்பதாவது நலமாக இருப்பதாகக் கேள்வி.

சவ அடக்க நிலையத்தில் பென்கோவிடம் கேட்டது ஒரே கேள்வி, தட்டச்சு தெரியுமா என்று. இரண்டு விரலால் அடிப்பேன் என்றான். போதும் என்றார்கள்.