கவிழ்த்து வைத்த டம்ளர்

நாலு பெண்கள் சேர்ந்து ஒரு வீடு வாங்கினால் ஊர் என்னென்ன பேசுமோ அத்தனையும் மரக்காணத்தில் பேசி முடித்தாகிவிட்டது. பிள்ளைகள் துரத்திவிட்டார்கள் என்றார்கள். ஊறுகாய் கம்பெனி வைக்கப் போகிறார்கள் என்றார்கள். பத்திரம் எழுதுகிறவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "நீங்க நாலு பேரும் அக்கா தங்கச்சிங்களா?" என்று கேட்டார். ஒரு பெயர் சுரையா, அடுத்தது ஞானாம்பாள், அப்புறம் ஆண்டாள், கலைமதி. நாலு பெயரையும் தன் கையால் எழுதிவிட்டுத்தான் அந்த மனிதர் இப்படிக் கேட்டார். "ஆமாங்க, அம்மாவும் வேற அப்பாவும் வேற," என்றாள் கலைமதி.

ஆரோவில் பக்கம் ஒரு விருந்தினர் விடுதியின் சமையற்கட்டில் வருஷக்கணக்காக ஒன்றாக வெந்தவர்கள் இவர்கள். சாயங்காலம் வேனில் திரும்பும்போது விளையாட்டாக ஆரம்பித்த பேச்சு. வயதான காலத்தில் யார் வீட்டு மூலையிலும் போய் உட்கார வேண்டாம், நாலு பேரும் பங்கு போட்டு ஒரு வீடு வாங்குவோம், ஆளுக்கு ஒரு அறை, எல்லாருக்கும் ஒரே அடுப்பு. ஆண்டாள் உப்பளக் குடும்பத்துப் பெண். அவள்தான் இந்த வீட்டைப் பிடித்தாள். துபாயில் இருந்த யாரோ ஆசையாகக் கட்டி, ஒரு நாள்கூடக் குடியிருக்காமல் விற்ற வீடு. மொட்டைமாடியில் ஏறி நின்றால் மேற்கே கண்ணுக்கு எட்டிய மட்டும் உப்புப் பாத்திதான்.

குடிவந்த புதிதில் கலைமதி ஒரு வழக்கம் கொண்டுவந்தாள். எந்த முடிவாக இருந்தாலும் சாயங்கால டீயின்போது மாடியில் பேச வேண்டும். ஓட்டுப் போடுவது, கை தூக்குவது எல்லாம் கிடையாது. யாருக்குச் சம்மதம் இல்லையோ அவள் தன் டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட வேண்டும். ஒரு டம்ளர் கவிழ்ந்தாலும் பேச்சு அதோடு முடிந்தது, காரணம் கேட்டு நச்சரிக்கக் கூடாது. வாய் விட்டு மறுத்துப் பழகாத பெண்களுக்கு இது வசதியாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்குவது, புரட்டாசியில் ஞானாம்பாளுக்காக மீன் சட்டியைப் பரணில் ஏற்றுவது, வெள்ளிக்கிழமை சுரையாவின் பிரியாணி எல்லாம் டம்ளர் கவிழாமல் நிறைவேறின.

சுரையாவுக்கு அந்த வீட்டில் ஏற்பட்ட சந்தோஷத்தை வெளியே சொல்ல வெட்கமாக இருந்தது. கோட்டக்குப்பத்தில் அவள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து யாருக்காவது சோறு வைத்துக்கொண்டே இருந்தவள். மாமனார், கொழுந்தன்கள், லீவில் வரும் கணவர் ஹபீப் முஹம்மது, அவரைப் பார்க்க வரும் கூட்டம். அவர் மவுத்தான பிறகு மகன் ஃபாரிஸ், அவன் தோஹாவுக்குப் போனபின் மருமகள் ஹுமா. இங்கே அவள் சமையல் முறை வராத நாளில் யாரும் அவளை, "சோறு ஆக்கியாச்சா?" என்று கேட்பதில்லை. விடிகாலையில் தொழுதுவிட்டு ஆண்டாளோடு உப்பள வரப்பில் நடந்து வருவாள். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சின்னப் பெண்போல நடப்பாள்.

இந்தச் சந்தோஷத்துக்கு ஆபத்து வருவதுபோல் வந்தவள் சங்கீதா, ஞானாம்பாளின் ஒரே மகள். புருஷன் வீட்டில் ஒத்துவரவில்லை என்று ஒரு பையோடு வந்து கீழே உட்கார்ந்திருந்தாள். சமையற்கட்டுக்குப் பின்னால் சாமான் போட்டுவைக்கும் சின்ன அறை ஒன்று உண்டு. ஞானாம்பாள் முதல் நாளே அதைக் காலி செய்து கழுவிவிட்டாள். தன் பச்சைச் சேலை ஒன்றைக் கிழித்து ஜன்னலுக்குத் திரை தைத்து மாட்டிவிட்டுத்தான் மாடிக்கு வந்து பேச்சையே எடுத்தாள்.

"மூணு மாசம் போதும். வேலை கெடைச்சதும் ஹாஸ்டல் பாத்துக்கிறேன்றா," என்றாள்.

ஆண்டாளும் கலைமதியும் சரி என்பதுபோல டீயைக் குடித்துக்கொண்டிருந்தார்கள். சுரையா மட்டும் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"ஞானாக்கா, தப்பா நெனைக்காதீங்க. இன்னிக்குப் பொண்ணு வரும். நாளைக்கு அத சமாதானம் பண்ண மாப்ள வருவாரு, அவருக்குக் கறி ஆக்கணும். அப்புறம் அவரோட அம்மா வருவாங்க. நம்ம வூடு மறுபடியும் நாலு குடும்பத்து வூடா ஆயிடும். அதுக்கா இத வாங்குனோம்?" கடைசியில் அவள் ஒரு வார்த்தை சேர்த்தாள். அந்த வார்த்தைதான் பின்னால் அவளைப் பிடித்து ஆட்டியது. "நானே என் மருமவள தனியா வுட்டுட்டுத்தானே வந்திருக்கேன்? அது நல்லா இல்லியா?"

சொல்லிவிட்டு டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள்.

ஞானாம்பாள் சண்டை போடவில்லை. வழக்கம் வழக்கம்தானே. கீழே போனாள், மகளுக்குச் சோறு போட்டாள், பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குக் கூடவே நடந்தாள். திரும்பி வந்ததும் பச்சைத் திரையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டாள். சுரையாவோடு அவள் பேசும் பேச்சு மட்டும் அன்றிலிருந்து குறுகிவிட்டது. தண்ணி வருது, டீ ஆறுது, கேஸ் மாத்தணும். நியாயம் தன் பக்கம் இருக்கிறது என்று சுரையா அடிக்கடி தனக்கே சொல்லிக்கொண்டாள். நியாயம் நம் பக்கம் இருந்தால் அதை ஏன் அத்தனை தடவை சொல்லிக்கொள்ள வேண்டும் என்று அப்போது அவளுக்குத் தோன்றவில்லை.

மழைக்காலம் முடிந்து பனி இறங்கியதும் கம்பளி எடுத்துவர சுரையா கோட்டக்குப்பம் போனாள். ஹுமா காலேஜுக்குப் போயிருப்பாள் என்று தன்னிடம் இருந்த சாவியைப் போட்டுத் திறந்தாள். உள்ளே புழுங்கிய வாடை. ஃபிரிட்ஜ் ஒயரைப் பிடுங்கிவிட்டு, கதவு மூடிக்கொள்ளாமல் இருக்க நடுவில் துணி செருகியிருந்தது. ஹுமாவின் பி.எட். புத்தகங்கள் கயிறு போட்டுக் கட்டிப் பரண்மேல் கிடந்தன. நாலு நாள் ஊருக்குப் போகிறவர்கள் புத்தகத்தைக் கயிறு போட்டுக் கட்டமாட்டார்கள்.

பக்கத்து வீட்டுக் கடைக்காரர் அஷ்ரபின் மனைவி தமன்னா சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தாள்.

"பெரிம்மா, ஒங்களுக்குத் தெரியாதா? ஹுமா அவங்க வாப்பா வூட்டுக்கு, பரங்கிப்பேட்டைக்குப் போயிட்டு ரொம்ப நாளாவுதே."

"காலேஜு?"

"எங்க காலேஜு? அங்கேர்ந்து பாண்டிச்சேரிக்கு தெனம் வந்து போவ முடியுமா? நின்னுடுச்சு." தமன்னா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நீங்க இருந்த மட்டும் அது போச்சு, வந்துச்சு, யாரும் ஒண்ணும் கேக்கல. நீங்க போனதும், புருஷன் அரபு நாட்டுல இருக்குறான், தனியா இருக்குற பொண்ணு தெனம் பஸ் ஏறி எங்க போவுதுன்னு தெருவுல பேச ஆரம்பிச்சிட்டாங்க. யாரோ ஃபாரிஸுக்கு போன் போட்டும் சொல்லிட்டாங்க. அவன் என்ன பண்ணுவான், வாப்பா வூட்டுல போய் இருன்னுட்டான்."

சுரையா கம்பளியை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சாவிக்கொத்தை ஹுமாவின் கையில் கொடுத்த நாள் ஞாபகம் வந்தது. மாமியார் இல்லாத வீடு எந்த மருமகளுக்குக் கிடைக்கும் என்று பெரிய தானம் செய்கிறவள் மாதிரி கொடுத்தாள். கதவுக்கு உள்ளே ஒரு பெரிய மனுஷி உட்கார்ந்திருந்தால்தான் அந்தக் கதவைத் தாண்டி ஒரு சின்னப் பெண் வெளியே போக முடியும். அந்தத் தெருவில் பாதி ஆயுளைக் கழித்தவளுக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். வீடு வாங்குகிற அவசரத்தில் தெரிந்ததை எடுத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

அங்கேயே உட்கார்ந்து ஹுமாவுக்கு போன் செய்தாள்.

"வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை என்கிட்ட பேசுனியே. டெஸ்ட் இருக்குது மாமி, படிக்கிறேன் மாமின்னு சொன்னியே. எல்லாம் பொய்யா?"



"நான் சொல்லியிருந்தா நீங்க திரும்பி வந்திருப்பீங்க மாமி. அந்த வூட்டப் பத்திப் பேசும்போது ஒங்க மொகம் எப்படி இருந்துச்சுன்னு நான் பாத்தேன். அதான் சொல்லல."

திட்டியிருந்தால் சுரையா தாங்கியிருப்பாள்.

பஸ்ஸில் திரும்பும்போது வழிநெடுக ஒரே போராட்டம்தான். கோட்டக்குப்பத்துக்கே திரும்பிப் போய் ஹுமாவோடு இரு என்று மனசு சொன்னது. சரி என்று சொல்ல நாக்கு எழவில்லை. ஜன்னலுக்கு வெளியே கடல் ஓடி வந்தபோதெல்லாம் அந்த உப்பள வரப்பு, தன் அறை, தன் கட்டில் என்றே நினைப்பு ஓடியது. மருமகள் படிப்பை விட்டுவிட்டாள், இவளால் கட்டிலை விட முடியவில்லை. தன்னைப்போல ஒரு சுயநலக்காரி உண்டா என்று அழுகை வந்தது. அழுதுகொண்டே வேறு வழி தேடினாள். வழி ஒன்று இருக்கத்தான் செய்தது. ஹுமா மரக்காணத்துக்கே வந்துவிட்டால்? மாமியாரோடு இருக்கிறாள் என்றால் எந்தத் தெரு வாய் திறக்கும்? வாசலிலேயே பாண்டிச்சேரி பஸ் கிடைக்கும். ஃபாரிஸ் உடனே சரி என்பான். சமையற்கட்டுக்குப் பின்னால் சின்ன அறையும் காலியாகத்தான் கிடக்கிறது.

அந்த அறை ஏன் காலியாகக் கிடக்கிறது என்று நினைத்ததும் சுரையாவுக்கு உடம்பு கூசிப்போயிற்று.

இரண்டு நாள் அவள் மாடியில் இந்தப் பேச்சை எடுக்கவில்லை. மூன்றாம் நாள், சுரையா சொல்லியிருந்தபடி காலேஜில் விசாரித்துவிட்டு ஹுமா போன் செய்தாள். ஜனவரியிலேயே வந்து சேர்ந்தால் வருகைப் பதிவைச் சமாளித்துக்கொள்ளலாமாம், அதற்கப்புறம் அடுத்த வருஷம்தானாம். அன்று சாயங்காலம் மாடியில் எல்லாரும் உட்கார்ந்தார்கள். கீழே பாத்திகளில் மழைத் தண்ணீரை வடித்துவிட்டு ஆட்கள் சேறு மிதித்துக்கொண்டிருந்தார்கள். ஞானாம்பாள் டீ ஊற்றினாள். சுரையா டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தலையைத் தூக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள்.

"அது இங்க வந்து இருந்தா படிப்ப முடிச்சிடும். கேக்குறதுக்கு எனக்கு மொகம் இல்ல. ஆனா கேக்குறேன்," என்று முடித்தாள்.

ஆண்டாள் கலைமதியைப் பார்த்தாள். கலைமதி டம்ளரைப் பார்த்தாள். ஞானாம்பாள் மட்டும் சுரையாவைப் பார்த்தாள். ரொம்ப நாளுக்குப் பிறகு நேராகப் பார்த்தாள்.

"எவ்ளோ நாளு?"

"படிப்பு முடியற வரைக்கும்."

"சங்கீதா மூணு மாசம்தான் கேட்டா."

"அக்கா, சங்கீதாவையும் கூப்புடுவோம். நாளைக்கே நானே போய்க் கூட்டிட்டு வர்றேன். மொதல்ல அது வரட்டும், பொறவு ஹுமா வரட்டும்."

"அவ வரமாட்டா. புருஷன் வூட்டுக்கே திரும்பிப் போயிட்டா." ஞானாம்பாள் டீயை ஒரு வாய் குடித்தாள். "அன்னிக்கு பஸ் ஸ்டாண்டுல நின்னு ரெண்டு பஸ்ஸ வுட்டா. எந்த ஊருக்குப் போறதும்மான்னு என்ன கேட்டா. நான் என்ன சொல்றது? மூணாவது பஸ்ஸு அவ புருஷன் ஊரு பஸ்ஸு. ஏறிட்டா. இப்போ போன் போட்டா, நல்லா இருக்கேம்மான்றா. அதுக்கு மேல ஒரு வார்த்த பேசறதில்ல."

நல்லா இருக்கேன். ஹுமாவும் வெள்ளிக்கிழமைதோறும் அதைத்தான் சொன்னாள். சுரையாவுக்கு மேலே கேட்க முடியவில்லை. தன் டம்ளரைத் தூக்கினாள். தான் கேட்டதைத் தானே கவிழ்த்துவிட்டால் அதோடு தீர்ந்தது என்று நினைத்தாள். டீ அவள் புடவையில் சிந்தியது. ஞானாம்பாள் அவள் மணிக்கட்டைப் பிடித்து டம்ளரை நேராக வைத்தாள்.

"அந்தப் புள்ள இன்னா பண்ணுச்சு? எம்பொண்ணுதான் போயிட்டா. அதயும் வெளிய நிறுத்தி எனக்கு இன்னா ஆவப்போவுது?"

"அக்கா…"

"நான் கவுக்கல. வரட்டும்." டம்ளர்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டே எழுந்தாள். "அதுக்காக ஒன்ன மன்னிச்சிட்டேன்னு எடுத்துக்காத சுரையா. அது வேற."

கவிழாத நாலு டம்ளரும் அவள் கையில் கீழே போயின.

ஹுமா அந்த வாரமே வந்து சேர்ந்தாள். கயிறு போட்டுக் கட்டிய புத்தகங்களை சுரையாவே கோட்டக்குப்பத்திலிருந்து தூக்கி வந்திருந்தாள். சின்ன அறையை யாரோ கழுவிவிட்டிருந்தார்கள். ஜன்னலில் பச்சைத் திரை தொங்கியது. மடித்து வைத்திருந்த கோடு அதில் இன்னும் போகவில்லை. ஞானாம்பாள் கட்டில்மேல் விரிப்பை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

ஹுமா திரையைத் தொட்டுப் பார்த்தாள். "அழகா இருக்குது பெரிம்மா. யாரு தச்சது?"

"நான்தாம்மா."

"எனக்காகவா?"

வாசற்படியில் சுரையா நின்றிருந்தாள். சொல்லிவிடட்டும் என்றுகூட நினைத்தாள். சொல்லிவிட்டால் பாரம் கொஞ்சமாவது இறங்கும்.

ஞானாம்பாள் சுரையா பக்கம் திரும்பவே இல்லை. விரிப்பின் சுருக்கத்தை உள்ளங்கையால் நீவிவிட்டாள்.

"ஆமாம்மா," என்றாள். "ஒனக்காகத்தான் தச்சேன்."